கையில் கொடுக்காத சோறு

பழனியாண்டவருக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர் ராஜமுருகன். அந்தப் பெயரோடுதான் என் தாய்மாமா கொடைக்கானலில் எங்கள் புத்த விகாரையைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறார். பிழைப்புக்கு வாடகை ஜீப். விடுமுறைகளில் சுற்றுலாக்காரர்களை ஏற்றுவார். மற்ற நாட்களில் வடகவுஞ்சியிலிருந்து காய்கறி மூட்டைகளை.

விகாரை என்பது பஜாருக்குக் கீழே தகரக் கூரை போட்ட ஒரு கூடமும், ஒட்டினாற்போல் ஓர் அறையும்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள், சாதி கேட்காத ஒரு வாசல் வேண்டுமென்று பௌத்தத்தை ஏற்றுக் கட்டியது. இன்று எங்கள் சந்தில் உள்ள வீடுகள்தான் மிச்சம். பிக்கு கிடையாது. யாராவது இறந்தால் மதுரைக்கு போன் செய்து, அங்கிருந்து ஒருவர் மலையேறி வரும்வரை காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் பௌர்ணமிக்குக்கூட எட்டிப்பார்ப்பதில்லை. ஒரு பிக்குவை நிரந்தரமாகத் தங்கவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மாமா நம்பினார்.

போன ஆடிப் பௌர்ணமிக்கு நாக்பூரிலிருந்து ஒரு பிக்கு மழைக்காலம் தங்க வந்தார். அந்த மூன்று மாதமும் அவர் வேறு ஊருக்குப் போகக் கூடாது. முடிவில் ஊரார் புது ஆடை கொடுத்துக் கும்பிடுவார்கள். வந்ததுமே அவர், "உங்களுக்குத் தொந்தரவில்லை என்றால் இங்கேயே இருந்துவிடுகிறேன்" என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது; ஆங்கிலத்தில் சொன்னதை நான்தான் மாமாவுக்குச் சொன்னேன். அந்த வாரமே மாமா ஆடைக்குத் துணி எடுத்து வந்துவிட்டார்.

பிக்கு சமைக்க மாட்டார். உச்சிப்பொழுதுக்குப் பிறகு சாப்பிட மாட்டார். எதையும் கேட்டு வாங்க மாட்டார். வீடுகள் முறைபோட்டுச் சோறு கொண்டுபோய், எதிரே மண்டியிட்டு இரண்டு கைகளாலும் நீட்ட, அவர் வாங்கிக்கொள்வார். அதை மரியாதை என்றுதான் எங்கள் சந்தில் நினைத்திருந்தார்கள். விதி என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆயுதபூஜை விடுமுறை வந்தது. மலைப்பாதை முழுக்க வண்டிகள். ஜீப், ஹோம்ஸ்டே, சோளக்கடை என்று சந்தில் எல்லோருக்கும் ஒரு சோலி. மாமா வெள்ளனே சோற்றுக் கேரியரைக் கொண்டுபோய்ப் புத்தர் சிலைக்கு முன்னால் வைத்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். சாமிக்குப் படைத்ததைப் பூசாரி எடுத்துக்கொள்வார் என்ற பழைய பழக்கம். முறை குழம்பிப்போனதில் பக்கத்து வீட்டுக் குமாரவேலும் ஒரு கேரியரைக் கொண்டுவந்து அதன் அருகிலேயே வைத்துவிட்டுப் போனார்.

இருட்டியபின் மாமா வந்து பார்த்தபோது சோறு அப்படியே இருந்தது. வேறு வீட்டில் நல்ல கவனிப்பு போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். குமாரவேலும் அப்படியே நினைத்தார். சோறு நாய்களுக்குப் போனது. மறுநாளும் இதே கதைதான்.

பிக்கு யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தூறலில் எங்கள் சந்தின் வாசல்களில் நின்றிருக்கிறார். வீடுகள் பூட்டிக் கிடந்தன. கடைசியில் பஜாரில் பிச்சை முகம்மதுவின் தைலக்கடை முன்னால் போய் நின்றார். பிச்சை முகம்மது பத்து ரூபாயை நீட்டினார். பணத்தைத் தொடாத பிக்கு பாத்திரத்தை மூடிக்கொண்டார். பிச்சை முகம்மதுவின் மனைவி பதுருன்னிசாதான் அந்த முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, கணவருக்கு வைத்திருந்த இட்லியை எடுத்துக் கொடுத்தார். விடுமுறை முடியும்வரை தினமும் கொடுத்தார்.

அப்புறம் டாக்ஸி ஸ்டாண்டுக்கே வந்து மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே ராஜமுருகா, ஒஞ் சாமிக்கு எங்க வீட்டு இட்லிதான் எறங்குதோ?"

"என்னக்கா சொல்றீங்க? அங்க கேரியர் கேரியரா சோறு கெடக்கு."

"கெடக்கும். கையில குடுத்தியா? நானும் மொதல்ல தட்ட மேசையிலதான் வச்சேன். பாத்துக்கிட்டே நிக்கிறாரு, தொடல. தூக்கிக் குடுத்தப்பறந்தான் வாங்குனாரு. வண்டில ஏறுற ஒவ்வொருத்தனயும் சாப்டீங்களா சார், சாப்டீங்களா சார்னு கேக்குறியே, அவர ஒருவாட்டி கேட்டியா?"

மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். மாமா நேராக விகாரைக்குப் போய்ப் பிக்குவின் காலில் விழுந்தார். அதன் பிறகு ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஐப்பசியில் புது ஆடை கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர் மறுநாளே பையைக் கட்டினார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்கும்படி மாமா என்னிடம் சொன்னார். கேட்டேன். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றார் பிக்கு. வருத்தம் ஏதுமில்லை என்றும், தான் இருந்தால் ஒவ்வொரு விடுமுறைக்கும் இவர்கள் பிழைப்பை விட்டுவிட்டு நிற்க வேண்டிவரும், அது நியாயமில்லை என்றும் சொன்னார். எல்லாவற்றையும் மாமாவிடம் தமிழில் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொடைரோடு ஸ்டேஷனுக்கு மாமாவே ஜீப்பில் கொண்டுபோய் விட்டார். நானும் போனேன். உச்சிப்பொழுதுக்கு இன்னும் நேரமிருந்தது. மாமா சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிவந்து, பிளாட்பாரத்தில் அத்தனை பேருக்கும் நடுவில் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் நீட்டினார். பிக்கு வாங்கிச் சாப்பிட்டு முடிக்கும்வரை மாமா எழுந்திருக்கவே இல்லை.

இந்த வருடமும் ஆடிப் பௌர்ணமி வந்து போனது. வேறொரு பிக்கு வரத் தயாராக இருந்தார். நீங்கள் அழைத்தால் போதும் என்று மதுரையிலிருந்து சொல்லியிருந்தார்கள். மாமா போனைக் கையில் எடுப்பார், வைத்துவிடுவார். விகாரையைக் கூட்டிப் பெருக்குகிறார், விளக்கேற்றுகிறார். பிக்கு தங்கிய அறை பூட்டியே கிடக்கிறது.

சாமி எப்ப வர்றாரு என்று பதுருன்னிசா ஒருநாள் கேட்டார். மாமா அந்த அறைச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எந்த வாயால கூப்பிட, அக்கா? மறுபடி ஆயுதபூச வரும். நான் வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிருவேன்."