நாத்தனார் மேல் கட்டிய பிராது

எங்கள் மகளைக் குணப்படுத்த முயலாதவர் என்று விருத்தாசலத்தில் ஒருவரும் பாக்கியில்லை. அறுபதுகளின் கடைசி அது. அவளுக்கு ஐந்து வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், தொட்டால் அலறுவாள். ஜங்ஷனில் ரயில் ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிடுவாள். தூக்குச்சட்டி மூடி ஒன்று கிடைத்தால் போதும், தரையில் சுழற்றிவிட்டு அது ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொல்கிறார்கள். அப்போது எங்கள் தெருவில் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள், ஆளுக்கொரு வைத்தியமும் வைத்திருந்தார்கள்.

வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தோம். தாயத்துக் கட்டினோம், மந்திரித்த தண்ணீர் கொடுத்தோம். கருவேப்பிலங்குறிச்சி வைத்தியர் உச்சந்தலையில் பச்சிலைப் பற்றுப் போட்டு அனுப்பினார். திரும்பும் வழியில் அவள் அதைப் பிய்த்து, பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டை முதுகில் அழகாக ஒட்டிவிட்டாள். அந்த ஆள் திட்டிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. பற்றுக்கு அதைவிட நல்ல பலன் எதுவும் கிடைக்கவில்லை.

இதற்கெல்லாம் தலைமை என் கணவரின் அக்கா. எங்கள் பக்கத்திலேயே இருக்கிற மங்களூர் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் மகள்மேல் உயிரையே வைத்திருந்தார். அந்த உயிரை வைத்துக்கொண்டு எங்கள் உயிரை வாங்கினார். புதிதாக ஒரு வைத்தியரைப் பற்றிக் கேள்விப்பட்டால் அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்குவார்.

பீங்கான் சூளையில் வேலை பார்த்த என் கணவர், அங்கே யாரோ சொன்னார்கள் என்று மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு எங்களைக் கூட்டிப்போனார். மூளையின் ஓட்டத்தைப் படமாகப் போடும் மெஷின் அங்கே இருந்தது. தலையெல்லாம் ஒயர் ஒட்டினார்கள். ஒட்டி முடிப்பதற்குள் அவள் போட்ட கூச்சலில் வராந்தாவே கூடிவிட்டது. மெஷின் ஓடத் தொடங்கியதும் வரிசையாக இருந்த பேனாமுனைகள் தாளில் கோடு இழுத்தன. அவள் கண்ணைச் சிமிட்டினாள். முனைகள் துள்ளின. அழுகை நின்றது. மறுபடி சிமிட்டினாள், மறுபடி துள்ளின. கண்ணை மூடித் திறந்து, பல்லைக் கடித்து, அந்தப் பேனாக்களை ஆட்டிவைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். "படம் கெட்டுப்போவுது, ஆட வாணாம்னு சொல்லுங்கம்மா" என்று மெஷின்காரர் தலையில் அடித்துக்கொண்டார். வலிப்பு எதுவும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார் டாக்டர். மருந்துச் சீட்டுகூட எழுதித் தரவில்லையே என்று என் கணவர் ஊர் வரும்வரை புலம்பினார். எனக்கோ அந்தச் சிரிப்பே போதுமானதாக இருந்தது. தான் ஒன்று செய்தால் அதற்குப் பதில் சொல்கிற பொருள் அவளுக்குப் பிடிக்கிறது என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

அப்படி ஒரு பொருள் என் வேலையிடத்திலேயே இருந்தது. நான் ஒரு சின்ன செராமிக் யூனிட்டில் கோப்பைகளுக்குக் கலர்க்கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கோப்பையைச் சுழல் பலகையில் வைத்துக் கையால் சுற்றிவிட்டு, பிரஷ்ஷை ஆடாமல் பிடிக்க வேண்டும். விளிம்பைச் சுற்றிக் கோடு தானாக விழும். முதலாளியம்மாவிடம் கெஞ்சி மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, உடைந்த கோப்பைகளைக் கொடுத்தேன். அவள் சுற்றுவாள், நான் பிரஷ் பிடிப்பேன். மெதுவாகச் சுற்றினால் கோடு தடிக்கும், வேகமாகச் சுற்றினால் மெலியும். அதை அவளாகவே கண்டுகொண்டாள். ஒரு நாள் நான் பக்கத்துப் பெண்ணிடம் பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். சில்லென்று ஒரு கை, பிரஷ் பிடித்திருந்த என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பலகையின் மேல் வைத்தது. யார் தொட்டாலும் அலறுகிற குழந்தை, தானாக என் கையைப் பிடித்தது அதுதான் முதல் முறை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் நாத்தனாரிடமிருந்து சேதி வந்தது. மங்களூர்ப் பக்கம் ஒருவர் மஞ்சள் கிழங்கைச் சுட்டு நெற்றிப்பொட்டில் சூடு வைக்கிறாராம், ஊமைக்கும் பேச்சு வருமாம், வந்து கூட்டிப்போகிறேன் என்று.

"ஒரே ஒரு தடவ பாத்துடுவோமே" என்றார் என் கணவர்.

"சுட்டா அலறுவா. அந்த அலறலத்தான் பேச்சுன்னு சொல்லிக்குவீங்களா?" என்றேன். அக்கா பேச்சை அவர் தட்டியதே கிடையாது.

மறுநாள் நேராகக் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனேன். மாடு காணாமல் போனாலும், பங்காளி வரப்பை வெட்டினாலும், எங்கள் பக்கத்து ஜனங்கள் அந்தச் சாமியிடம்தான் பிராது கட்டுவார்கள். இன்னார் எனக்கு இன்ன அநியாயம் செய்கிறார் என்று தாளில் எழுதிப் பூசை செய்து கட்டிவிட்டால், அது சாமி கோர்ட்டில் நடக்கிற கேஸ். காரியம் முடிந்ததும் கட்டியவரே வந்து வாபஸ் வாங்க வேண்டும். ஊரில் எல்லோரும் பிள்ளைக்குப் பேச்சு வரட்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். நான் எழுதியது வேறு. 'என் மகளுக்கு யாரும் சூடு போடக் கூடாது. மீறினால் நீயே பார்த்துக்கொள்' என்று எழுதி, எதிரி என்ற இடத்தில் நாத்தனார் பேரைப் போட்டேன். எழுதிய கை இன்னும் வலிக்கவில்லை, அதனால் கணவர் பேரையும் சேர்த்தேன்.

நாத்தனார் வந்து இறங்கினார். விஷயத்தைச் சொன்னேன்.

"எம்மேலயா பிராது கட்டன?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒங்க மேலதான் அண்ணி. ஒங்க தம்பி பேரும் இருக்குது."

டீ குடித்துக்கொண்டிருந்த என் கணவருக்குப் புரையேறியது. "கேஸு நடக்கறப்ப புள்ள மேல கை வக்க வாணாம்க்கா" என்று இருமலுக்கு நடுவே சொன்னார். அக்காவை எதிர்த்து அவர் பேசிய முதல் பேச்சு. நாத்தனார் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சில மாதம் கழித்து நொண்டிக்கொண்டே வந்தார். முழங்கால் வலியாம். பிராதுதான் காரணமாம். "வாபஸ் வாங்குடி, ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"வாங்கறேன் அண்ணி. ஆனா ஒரு பொழுது அவகூட ஒக்காந்திருக்கணும். அவளுக்கு ஒண்ணுமே செய்யக் கூடாது."

யூனிட்டில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். சும்மா இருப்பது அவருக்கு எந்த வைத்தியத்தையும்விடக் கசந்தது. மதியத்துக்கு மேல், என் மகள் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அவர் கையை எடுத்துப் பலகையில் வைத்தாள். நான் பிரஷ்ஷை அவர் விரல்களுக்குள் செருகினேன். பலகை சுற்றியது. கோடு விழுந்தது. நாத்தனார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். "இந்தப் புள்ளைக்கா சூடு போடச் சொன்னேன்" என்றார்.

மறுநாள் மூன்று பேருமாகக் கோயிலுக்குப் போனோம். வாபஸ் தாளை வாங்கிக்கொண்ட பூசாரி என் மகளைப் பார்த்தார். அவள் தூக்குச்சட்டி மூடியைக் கல்தரையில் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு பேசுதாம்மா?"

"இல்லைங்க. பேசு பேசுன்னு அவள இம்சை பண்ணவங்க நிறுத்திட்டாங்க. நான் கேட்டது அதத்தான்."

பக்கத்தில் நின்ற எதிரிதான் முதலில் சிரித்தார்.