ஒற்றைக் காய் காய்த்த பேரிமரம்

1964 ஆகஸ்டில் மூன்று நாள் விடுப்பு கிடைத்தது. புதுப் பேரி ரகம் உண்டாக்கும் தோட்டம் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்று நெடுநாளாக நினைத்திருந்ததால் கொடைக்கானலுக்குக் கிளம்பினேன். கொடைரோடு ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸில் ஐம்பது மைல், நான்கு மணி நேரம், மூன்று ரூபாய் இருபது காசு.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஏரிக்கரையிலிருந்து நடந்து குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போனேன். இரண்டு மைல். தெளிந்த நாளில் கீழே பழனி தெரியுமாம். அன்று வெறும் வெண்மை. உலகம் கோயில் வாசலோடு முடிந்துவிட்டது போலிருந்தது. பூசாரி பேரிப்பழம் ஒன்றை நறுக்கி, நின்ற ஐந்தாறு பேருக்குக் கொடுத்தார். பனியைப் பார்த்தபடியே என் துண்டைத் தின்றேன்.

அங்கிருந்து ஒரு மைலில் தோட்டம். மரங்கள் பனிக்குள் நடந்து போவதும் திரும்பி வருவதுமாகத் தோன்றின. கொட்டகையில் தோட்டக்காரர் சடையன் வைக்கோலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"எங்கடி பழம்?"

"முதக் காயி சாமிக்குத்தானே? மஞ்சப் பூத்திருச்சு. வெள்ளனே போயி வெரசாக் குடுத்துட்டு வந்துட்டேன்," என்றார் அவர் மனைவி வெள்ளத்தாய்.

"ஒம்பது வருசம்டி!"

"சாமிக்கு மட்டும் பசிக்காதாக்கும்?"

நாட்டுப் பேரி மழையைத் தாங்கும், ஆனால் வாயில் மணல் போல நெறநெறக்கும். அதன் பூவில் மெல்லிய சீமைப் பேரியின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு வைத்து, துணி கட்டிக் காத்து, விளைந்த விதைகளில் நாற்பது கன்று எழுப்பியிருந்தார் சடையன். ஒரு பழத்து விதைகளானாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போலத்தான், ஒன்றுபோல் ஒன்று இராது. முப்பத்தொன்பதைத் தின்று பார்த்து வெட்டியாயிற்று. மிச்சமிருந்த ஒன்று இந்த ஆண்டுதான் காய்த்தது, அதுவும் ஒரே காய். பேரி மரத்திலேயே பழுத்தால் உள்ளே அழுகும் என்பதால் பறித்து வைக்கோலில் வைத்திருந்தார். பதினொரு மணிக்கு முதலாளி வந்து ருசி பார்ப்பார். தேறாவிட்டால் மரத்தைத் தோண்டிவிட்டு உருளைக்கிழங்கு.

"கோயிலில் பூசாரி நறுக்கிக் கொடுத்தார். அந்தப் பழத்தில் ஒரு துண்டு நான் தின்றேன்," என்றேன்.

சடையன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, நெறநெறன்னுச்சா? நல்லா நெனச்சுச் சொல்லுங்க."

கண்ணை மூடினேன். முதலில் பனி மட்டுமே நினைவு வந்தது. பிறகு மணிக்கட்டில் வழிந்த சாறு. சால்வையில் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. பல்லில் எதுவும் இடறவில்லை.

முதலாளி வந்ததும் அதையே சொன்னேன். "தோலருகே மட்டும் கொஞ்சம் துவர்ப்பு," என்றும் சேர்த்தேன். சடையன் முகம் சுருங்கிற்று.

முதலாளி மரத்தைச் சுற்றி வந்தார். "நல்லதை மட்டும் சொல்லியிருந்தா, சடையன் சொல்லிக் குடுத்ததுன்னு இன்னைக்கே வெட்டியிருப்பேன். இன்னொரு வருசம் நிக்கட்டும்."

போக நினைப்பவர்களுக்கு: ஆகஸ்டில் கம்பளியும் குடையும் கட்டாயம். பனி இறங்கினால் பாதை தெரியாது, பகலிலேயே திரும்பிவிடுங்கள். கீழே போக மூன்று மணி பஸ்ஸுக்கு இரண்டரைக்கே நிற்க வேண்டும்.

வாசல்வரை இருவரும் வந்தார்கள்.

"அடுத்த வருசம் ரெண்டு காய்க்கும். ஒண்ணு சாமிக்கு, ஒண்ணு மொதலாளிக்கு," என்றார் சடையன்.

"ஒண்ணுதான் காச்சா?" என்றார் வெள்ளத்தாய்.

சடையன் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.