டாக்டரம்மா என்னிடம் மட்டும் சொன்னது

மனைவிக்கு ஏழாம் மாதம். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இரட்டைக் குழந்தை. பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்கணும்" என்றார். பயந்துவிடுவாளே என்று அவளிடம் நான் மூச்சு விடவில்லை.

குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே, நான் ஆபீசில் இருந்தபோது வலி கண்டுவிட்டது. பக்கத்து வீட்டம்மா அவளை ஜட்கா வண்டியில் ஏற்றி, எங்கள் ஜோகுபாளையத்திலேயே ஒரு சின்னப் பிரசவ விடுதியில் சேர்த்துவிட்டார். தகவல் வந்ததும் ஒக்கலிபுரத்து ஆபீசிலிருந்து சைக்கிளை மிதித்தேன். சொல்லாமல் வைத்திருந்த சேதி வழியெல்லாம் நெஞ்சை அறுத்தது.

"பெண் குழந்தை சார், இப்பத்தான் பொறந்தது" என்றார் நர்ஸ்.

"இன்னொண்ணு?" என்றேன்.

அவர் முகம் வெளுத்து உள்ளே ஓடினார்.

வயிற்றில் குறுக்கே கிடந்த பையனை, அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். அதுவரை வராந்தாவில் எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மூவரும் பிழைத்தார்கள்.

நாலாம் நாள் மனைவி கேட்டாள்: "ரெண்டுன்னு உங்களுக்குத் தெரியும். சுமக்கிற எனக்குத் தெரியக்கூடாதா?"

இப்போதும் அவளுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் டாக்டர்கள் என்னைத்தான் தனியாகக் கூப்பிடுகிறார்கள். நான் எழுந்திருப்பதில்லை. "அவளிடமே சொல்லுங்கள்" என்கிறேன்.