ஆடியில் எடுக்காத வண்டி

பல்லுக்கிடையில் மணல் நறநறத்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது…

எங்கள் ஆரணி ஆற்றில் தண்ணீர் ஓடிய நாட்களைவிட மணலாய்க் கிடந்த நாட்கள்தான் அதிகம். டெஸ்ட் டிரைவுக்கு வந்த புத்தம் புது 4x4 வண்டியை என் வீட்டுக்காரர் அந்த மணலில் இறக்கிவிட்டார். ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. பின் சீட்டில் நான். அவர் பக்கத்தில் ஷோரூம் சேல்ஸ்மேன், அழாத குறை.

"சார், வாணாம் சார். மேனேஜர் பார்த்தா என் வேலையே பூடும் சார்!"

"மலை ஏறுற வண்டின்னு நீதானேப்பா சொன்ன? மணல்லயே சிக்கிகினா மலையில இன்னா பண்ணும்?"

சிக்கவில்லை. லோ ரேஞ்ச் கியர் போட்டதும் உறுமிக்கொண்டு கரையேறிவிட்டது. மேலே வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். கல்யாணத்தன்றுகூட மனுஷன் அப்படிச் சிரித்ததில்லை.

ஏழு வருடம் ஆகிறது.

எங்களுக்குப் பட்டுப் புடவை வியாபாரம். முள்ளிப்பட்டு கிராமத்தில் நெய்யக் கொடுத்து வாங்கி, வீட்டு முன்கூடத்தில் வைத்துக் கல்யாணப் புடவை விற்கிறோம். முகூர்த்த மாதங்களில் உட்கார்ந்து சாப்பிட நேரமிருக்காது. ஆடி வந்தால் ஈ ஓட்டுவோம். அவருக்கு லடாக் போகவேண்டும் என்று ஆசை… அதுவும் பிளேனில் இல்லை, ஆரணியிலிருந்தே சொந்த வண்டியில், அவரே ஓட்டிக்கொண்டு, நாங்கள் இரண்டு பேர் மட்டும். அங்கே பனி உருகி ரோடு திறந்திருப்பதும் எங்களுக்கு ஓய்வு கிடைப்பதும் ஆடியில்தான். எல்லாம் பொருந்தித்தான் இருந்தது.

வண்டி பார்க்கிறேன் என்று அவர் செய்த அமர்க்களம் இருக்கிறதே! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷோரூம் தரையில் படுத்து, வண்டிக்கு அடியில் எத்தனை சாண் இடைவெளி என்று கையால் அளப்பார். தண்ணீரில் எவ்வளவு ஆழம் இறங்கும், ஸ்டெப்னி மற்ற டயர் அளவிலேயே இருக்கிறதா, பின் சீட்டை மடித்தால் இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்கலாமா… கேட்டுக் குடைந்துவிடுவார். நான் வாய் திறந்து கேட்டது சன்ரூஃப் ஒன்றுதான்.

"வெயில் வாணும்னா மொட்டை மாடிக்குப் போ" என்றார்.

ஆனால் அவர் ஆசைப்பட்ட மூன்று கதவு வண்டியில் புடவையோடு என்னால் ஏற முடியவில்லை என்றதும், மறுபேச்சில்லாமல் படி வைத்த ஐந்து கதவு வண்டிக்கு மாறிவிட்டார். 

முடிவானது ஆனிக் கடைசியில். பத்து நாளில் டெலிவரி என்றார்கள். பத்து நாளென்றால் ஆடி பிறந்துவிடும்.

நான்தான் தடுத்தேன். வேறு யாருமில்லை.

"ஆடியில வண்டி எடுத்தா ஊரு சும்மா இருக்குமாங்க? முகூர்த்தப் புடவை எடுக்க வர்றவங்க இன்னா நெனப்பாங்க? நல்ல நாள் பார்க்காதவங்க கையால வாங்கணுமான்னு வேற கடைக்குப் பூடுவாங்க."

"ஆடியில எடுத்தாதானே ஆடியில போவ முடியும்? ஆவணி வந்தா நம்மள யாரு விடப் போறாங்க?"

"அடுத்த வருஷம் போலாங்க. எங்க ஓடிடப் போவுது?"

என் பேச்சைத் தட்டி அவருக்குப் பழக்கமில்லை.

அடுத்த வருடம் வைகாசி முழுக்க முகூர்த்தம். ஷோரூம் பக்கம் தலைகாட்டியதே ஆனியில்தான். டெலிவரி மறுபடி ஆடியில் விழுந்தது. மறுபடி நான். அதற்கடுத்த வருடம் கொரோனாவில் ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. பிறகு அந்த மாடலே மாறிவிட்டது, முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார்…

நடுவில் ஸ்கூட்டரை எங்கள் வீட்டு கேட்டிலேயே இடிக்கத் தொடங்கினார்.

"கண்ண எங்க வெச்சிகினு ஓட்டறீங்க?" என்று கத்தியிருக்கிறேன். ஒருமுறை இல்லை, பலமுறை.

கிளாக்கோமா. பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது அவருக்கே தெரியவில்லை. போனது திரும்பாது, இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்றார் கண் டாக்டர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவர் ஒன்றுதான் கேட்டார்.

"வண்டி ஓட்டலாங்களா டாக்டர்?"

"இனிமே வாணாங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டார். நான் முந்தானையை வாயில் வைத்து ஆரணி வரும்வரை அழுததை அவர் பார்க்கவில்லை. பக்கத்தில் இருப்பதுதான் அவருக்குத் தெரியாதே.

போன வருடம் ஐம்பத்து மூன்று வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று அவரே ஷோரூமுக்குப் போன் போட்டார். "ஓட்டப் போறது எங்க வீட்டம்மா. கிளட்ச் இல்லாத வண்டியா சொல்லுங்க." இந்த முறை தரையில் படுக்கவில்லை. வண்டி விவரமெல்லாம் நான் படித்துக் காட்ட, தலையாட்டிக்கொண்டு கேட்டார். லடாக் பேச்சையே எடுக்கவில்லை. என்னால் ஜவ்வாது மலை வரைக்கும் ஓட்ட முடிந்தாலே பெரிது.

வண்டி வந்தது. இந்த ஆடியில்தான். நான் காலண்டரைப் பார்க்கவில்லை.

வாசலில் நிறுத்தியிருந்தோம். யாராவது கேட்டால் என்ன சொல்வதென்று காலையிலிருந்து பதிலைத் தயாராக வைத்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர் நான் நீட்டிய லட்டை எடுத்துக்கொண்டு, மைலேஜ் எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போனார். ஆவணிக் கல்யாணத்துக்குப் புடவை பார்க்க சேவூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. "வண்டி புதுசாக்கா? ஜோரா கீது" என்றாள் கல்யாணப் பெண்ணின் அம்மா. உட்கார்ந்து மூன்று புடவை எடுத்தார்கள்.

அன்றைக்குக் குடியிருந்த தெருதான் இது. அதே ஜனங்கள்தான். அவர் கண் மட்டும்தான் அப்போது நன்றாக இருந்தது.

பொழுது சாயும்வரை வாசலிலேயே நின்றேன். ஒருத்தராவது "ஆடியிலயா எடுத்தீங்க?" என்று கேட்டிருக்கலாம்.

கேட்டிருந்தால், இந்த ஏழு வருடத்துக்கு எனக்கு ஒரு காரணமாவது மிஞ்சியிருக்கும்.