எலுமிச்சம்பழம் தடுத்த மலைப்பயணம்

மலைச் சரிவுகளில் குதித்து இறங்கும் சைக்கிள் ஒன்றை, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே உருவாக்க ஆசைப்பட்டேன். விழுப்புரத்தில் வசிக்கும் நான் எதையும் தேதியிட்டு எழுதி வைப்பவன். ஒவ்வொரு பாகமும் வந்த நாளை, நேரத்தோடு நோட்டில் குறித்தேன். அளவை மட்டும் குறிக்கவில்லை.

ஐந்தாம் மாதம், கடைசியாக ஹேண்டில்பார் வந்தது. அதைக் கவ்விப் பிடிக்கும் ஸ்டெம்மின் துளையைவிட அது மூன்று மில்லிமீட்டர் மெலிதாக இருந்தது. மாற்றி வாங்க இரண்டு வாரமாகும். ஞாயிறன்றே செஞ்சிப் பக்கம் பாறைச் சரிவில் இறங்கிவிட வேண்டும் என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எனக்குப் பழக்கமான திண்டிவனம் மெக்கானிக் ஒருவர், "தகரம் சுத்தி டைட் பண்ணிக்கலாம் சார், ஒண்ணும் ஆவாது" என்றார். நானும் தலையாட்டி, அப்படியே தகரம் சுற்றிப் பூட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை மாலை, சைக்கிளுக்குப் பூசை போட்டு, முன்சக்கரத்தின் அடியில் மனைவி எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் பெடலில் எழுந்து நின்று, பழம் நசுங்க முழு எடையையும் கைகளில் கொடுத்தேன். ஹேண்டில்பார் அப்படியே முன்பக்கம் சுழன்றது. குப்புற விழுந்து முழங்கை சிராய்த்தது.

"ஒரு பழத்துக்கே மண்டி போடுது உங்க வண்டி. இத்த எடுத்துக்கினு மலைக்குப் போறீங்களாங்க?" என்றாள் மனைவி.

மறுநாள் நான் போகவில்லை.

இப்போது எந்தப் பாகத்துக்கும் முதலில் அளவு, அது பொருந்த வேண்டிய பாகத்தின் அளவு, அப்புறம்தான் தேதி. பூட்டியதும் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே இறுக்கி, ஹேண்டில்பாரை முழு பலத்தோடு அழுத்திப் பார்க்கிறேன். அதன் பிறகும், மனைவி பழம் வைத்துச் சரி என்றால்தான் கிளம்புகிறேன்.