ராசியா, மூளையா?

சீட்டாட்ட அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பாதிப் பொழுது காணாமல் போன இஸ்பேடு ராணியைத் தேடுவதில் போகும். மீதிப் பொழுது, தோற்றவர் சொல்லும் காரணங்களைக் கேட்பதில் போகும். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, அடுத்தவர் புலம்பலுக்குத் தலையாட்டியே சம்பளம் வாங்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், என் கழுத்துவலி அவர்களுக்குப் புரியும்.

நான் வேலை பார்ப்பது பாளையங்கோட்டையில் ஒரு பழைய மனமகிழ் மன்றத்தில். நூலகத்துக்கு ஆள் வேண்டும் என்று சொல்லித்தான் என்னை எடுத்தார்கள். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, நூலகத்துக்கு வருகிறவர்கள் பேப்பர் படிக்கிற இரண்டு பேர், மற்ற எல்லோரும் பக்கத்து அறையில் சீட்டாட வருகிறவர்கள் என்று. இரண்டு அறைக்கும் சாவி ஒரே வளையத்தில் இருந்ததால் இரண்டுமே என் பொறுப்பாகிவிட்டது. காசு வைத்து ஆடக் கூடாது என்பது மன்றத்தில் கண்டிப்பான விதி. தோற்றவர் எல்லோருக்கும் சுக்குக் காப்பி வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். காசு இல்லையே, சண்டையும் இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். காசு போனால் மனுஷன் வாயடைத்துப் போவான். மானம் போனால்தான் சாயங்காலம் வரை பேசுவான்.

ஜன்னலோர நாற்காலி

சிவசுப்பிரமணியம் சார் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ரம்மியில் ராசி என்று யாராவது வாயைத் திறந்தால் அவருக்குக் கோபம் வரும். எத்தனை சீட்டு வெளியே வந்துவிட்டது, இன்னும் எத்தனை கட்டுக்குள் இருக்கிறது, வேண்டியது வர எவ்வளவு வாய்ப்பு என்று விரலை மடக்கிக் கணக்குச் சொல்வார். தோற்றவரிடமும் சொல்வார். தோற்றவர் காப்பிக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கும்போதும் விடாமல் சொல்வார்.

ஒருநாள் ஜன்னலோரம் கிடந்த பிரம்பு நாற்காலியைப் பின்னல் போடக் கொடுத்து அனுப்பிவிட்டேன். சார் வந்தார். நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தார். வேறு நாற்காலியில் உட்காரச் சொன்னேன். "இருக்கட்டும்மா, கண்ணு கொஞ்சம் எரியுது" என்று சொல்லிவிட்டு, நூலகத்துக்குப் போய்ப் பழைய வார இதழ் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டார். நாற்காலி திரும்பி வரும்வரை அவர் சீட்டைத் தொடவில்லை. வந்த அன்றைக்கு முதல் ஆளாக வந்து அதில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "என்ன சார், ராசியான நாற்காலியோ?" என்று கேட்டேன்.

"ராசியெல்லாம் ஒண்ணும் கிடையாது யம்மா, எல்லாம் முதுகுவலிக்குத்தான்; இதுல உக்காந்தாத்தான் முதுகுக்கு ஜோக்கர் வருது."

அம்மா எடுத்த சீட்டு

நாங்கள் பல தலைமுறையாகக் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். சீட்டுக்கட்டு வீட்டுக்குள் வந்தால் பிசாசு வந்த மாதிரி. நான் இந்த வேலையில் சேர்ந்தபோது அம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நான் தொடுவது புத்தகங்களைத்தான், சீட்டை எடுத்துக் கொடுப்பதோடு சரி என்று சமாதானம் சொன்னேன். அன்றிலிருந்து அம்மா ஜெபத்தில் எனக்காக ஒரு தனி வேண்டுதல் சேர்ந்துகொண்டது. என் காதில் விழும்படி சத்தமாகவே ஜெபிப்பாள்.

புது வருஷ ஆராதனை முடிந்ததும் எங்கள் கோயிலில் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்து நீட்டுவார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அதில் வருகிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குக் கொடுப்பது. போன தடவை அம்மாவுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். அம்மா எடுத்த அட்டையில் உபத்திரவம், பொறுமை என்று ஏதோ வந்துவிட்டது. அதற்கு முந்தின வருஷம்தான் அப்பா இறந்திருந்தார். உபத்திரவம் போதும் போதும் என்று பட்டு முடித்திருந்தோம். அம்மா இரண்டு பக்கமும் பார்த்தாள். அந்த அட்டையைப் பைய மற்ற அட்டைகளுக்கு அடியில் செருகிவிட்டு வேறொன்றை எடுத்தாள். அதில் சமாதானம் என்று இருந்தது. கண்ணை மூடி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். வெளியே வந்ததும், "யம்மா, இதை எங்க சீட்டறையில செஞ்சா வெளிய அனுப்பிருவோம்" என்றேன். அம்மா சிரிக்கவேயில்லை.

"அது என் கை தவறி எடுத்தது எஸ்தரு, இதுதான் ஆண்டவர் குடுத்தது."

புளியங்கொட்டை போக்கர்

மேலப்பாளையம் சாகுல் பாய் வளைகுடாவில் ஒரு தொழிலாளர் முகாமில் பல வருஷம் சமையல்காரராக இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். அங்கே கூட இருந்த வெளிநாட்டுக்காரர்களிடம் போக்கர் கற்றுக்கொண்டாராம். எங்கள் ஆட்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். பந்தயம் என்றால் ஹராம், அதனால் சுக்குக் காப்பிகூடக் கூடாது என்று சொல்லிவிட்டார். காசுக்குப் பதிலாக வைத்து ஆட, வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை கொண்டுவந்தார். ஆட்டம் முடிந்ததும் எல்லாக் கொட்டையும் டப்பாவுக்கே திரும்பிவிட வேண்டும்.

இந்த ஆட்டத்தில் நல்ல சீட்டு வருவது பாதிதான். ஒன்றுமே இல்லாத கையை வைத்துக்கொண்டு எல்லாம் இருக்கிற மாதிரி கொட்டையைத் தள்ளி வைத்தால், எதிரில் இருப்பவர் பயந்து சீட்டைக் கவிழ்த்துவிடுவார். எங்கள் ஆட்களுக்கு அது வரவே இல்லை. சிவசுப்பிரமணியம் சாருக்கு நல்ல சீட்டு வந்தால் காது மடல் சிவந்துவிடும். மற்றவர்களுக்குக் கால் ஆடும். பாய் முகத்தில் மட்டும் எதுவும் தெரியாது. ஒருநாள் மேசையிலிருந்த மொத்தக் கொட்டையையும் அள்ளிக்கொண்ட பிறகு தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சீட்டுகள். அறையே கைதட்டியது.

காலி டம்ளர்களை எடுக்கும்போது, "இந்த முகத்தை எங்க பாய் கத்துக்கிட்டிய?" என்று கேட்டேன். பாய் சிரித்துக்கொண்டு கொட்டைகளை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். முகாமில் வெயில்காலம் எப்படி இருக்கும், ஒரு அறையில் எத்தனை பேர் படுப்பார்கள் என்று சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு போன் போடுவேன் தங்கச்சி, நல்லா இருக்கேன், நல்லாச் சாப்பிடுதேன்னு சொல்லும்போது அவ கண்டுபிடிச்சிரக் கூடாதுல்லா, அப்பம் வந்தது."

நாங்குநேரியிலிருந்து ஒரு பெண்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெண் தன் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கணவர் பெயர் முத்துக்குமார், பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. அவள் பெயர் செல்வி. அவர் செல்போனில் காசு கட்டிச் சீட்டாடியதில், அவள் கழுத்தில் கிடந்த நகைவரை போய்விட்டது. போனில் இருந்ததையெல்லாம் அழித்தாகிவிட்டது. ஆனாலும் அவர் விரல் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, போர்வையின் மேல் தள்ளித் தள்ளிப் பார்க்கிறது என்றாள். இங்கே காசில்லாமல் ஆடுகிறார்கள் என்று யாரோ சொல்லி, நாங்குநேரியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. குடித்துக் கெட்டவனுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தால் சரியாகுமா என்று யோசித்தேன். தனக்குத் தெரிந்த மனநல மருத்துவரிடமும் காட்டுவது என்றால் வரட்டும் என்று சிவசுப்பிரமணியம் சார் சொன்னார். அதற்கும் அவள் தலையாட்டினாள்.

முத்துக்குமார் முதல் மாதம் முழுக்க ஒன்றையே சொன்னார்: அது திறமை விளையாட்டு, நான் நன்றாகத்தான் ஆடினேன், இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் எல்லாம் திரும்பியிருக்கும். யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் இங்கே ஆட்டம் மெதுவாக நடந்தது. ஒருவர் சீட்டைப் போடுவதற்குள் மகள் கல்யாணக் கதையைச் சொல்லி முடிப்பார்; எதிரில் இருப்பவர் தும்மினால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் பொறுக்க முடியாமல் நெளிந்தவர், நாளாக ஆக அந்தக் கதைகளுக்குக் கேள்வி கேட்கத் தொடங்கினார். மருத்துவரிடமும் தவறாமல் போனார். சில மாதம் கழித்துச் செல்வி என்னைப் பார்க்க வந்தாள். வீட்டில் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நகை திரும்பவில்லை, அது திரும்பப் போவதும் இல்லை என்றாள். ஆனாலும் சிரித்தாள்.

"தோத்துட்டு வந்தாலும் இப்பம் என் முகத்தைப் பாத்துப் பேசுதாரு மேடம், அது போதும்."

அண்ணாச்சியின் இடது கை

தச்சநல்லூரில் அரிசி மண்டி வைத்திருக்கும் நம்பி அண்ணாச்சிதான் எங்கள் மன்றத்தில் ரம்மிக்கு ராஜா. யார் எந்தச் சீட்டை எடுத்தார்கள், எதைப் போட்டார்கள் என்று முழு ஆட்டத்தையும் திருப்பிச் சொல்வார். சிவசுப்பிரமணியம் சாருக்கே அந்த நாளில் ரம்மி சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பல நாள் நினைவில்லாமல் கிடந்தார். பிழைப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. அந்த நாட்களில் சீட்டறையில் கட்டைப் பிரிக்கச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பிழைத்துவிட்டார். மகள் ஆட்டோவில் கூட்டி வந்தபோது வலது கை துணி மாதிரி தொங்கியது, பேச்சு குழறியது. சீட்டைப் பிடிக்க முடியாதே என்று, ஒரு மரப்பலகையில் நீளமாகப் பள்ளம் போடச் சொல்லித் தச்சரிடம் வாங்கி வைத்திருந்தேன். அதில் சீட்டுகளைச் செருகி நிறுத்திவிட்டு இடது கையால் ஆடினார். முதல் இரண்டு ஆட்டம் தோற்றார். பிறகு வரிசையாக ஜெயிக்கத் தொடங்கினார். எல்லோரும் ஆகா என்றார்கள். ஜெயித்த ஒரு ஆட்டத்தின் முடிவில் அண்ணாச்சி இடது கையை நீட்டி, பக்கத்தில் இருந்த சிவசுப்பிரமணியம் சாரின் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "எட்டு டைமனும் ஒம்பது டைமனும் கையில வச்சுக்கிட்டு ஏழு டைமனை எனக்குப் போடுதீரே வே" என்றார். ஒவ்வொரு சொல்லும் தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. "இவ்வளவு மட்டமாவா உமக்கு ஆடச் சொல்லிக் குடுத்தேன்?" சார் தலையைக் குனிந்துகொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணாச்சி மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "ஒழுங்கா ஆடுங்கலே. ஏமாத்தி ஜெயிக்க வைக்கதுக்கு வீட்டுல பேரப்பிள்ளைய இருக்கு."

அன்றிலிருந்து ஒழுங்காக ஆடினார்கள். அண்ணாச்சி ஒழுங்காகத் தோற்றார். முன்பு போல நினைவு நிற்கவில்லை. பாதி ஆட்டத்தில் எது போனது என்று தெரியாமல் முழிப்பார். வாரக்கணக்கில் எல்லோருக்கும் சுக்குக் காப்பி அவர் செலவுதான். ஆனால் வந்துகொண்டே இருந்தார். தோற்றுத் தோற்றுச் சண்டை போட்டதில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

போன ஆவணியில் ஒரு சாயங்காலம், நல்ல மழை. முத்துக்குமார்தான் கலைத்துப் போட்டார். அண்ணாச்சிக்காகப் பலகையில் சீட்டுகளைச் செருகிய நான் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாமே சேர்ந்து வந்திருந்தது; ஒரே ஒரு சீட்டுத்தான் பாக்கி. அவர் முறை வந்ததும் கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். ஜோக்கர். அதைச் செருகி, வேண்டாத ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, இடது கையாலேயே பலகையை எல்லோருக்கும் திருப்பிக் காட்டினார். ஒருவரும் இன்னும் சரியாக ஆடத் தொடங்கவே இல்லை, அதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. சாகுல் பாய் எழுந்து நின்றுவிட்டார். "அண்ணாச்சி, உம்ம மூளை அப்பிடியேதான்வே இருக்கு" என்று சிவசுப்பிரமணியம் சார் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சி பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, துடைக்கவும் இல்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணச் சிரித்தார்.

"மூளையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல வே, நான் உசுரோட எந்திரிச்சு வந்தேன்லா, அதுமாதிரி இதுவும் சும்மா வந்துச்சு."

இத்தனை பேரோடு இருந்தும், சீட்டில் ராசி எவ்வளவு மூளை எவ்வளவு என்று வெளியாட்கள் யாராவது கேட்டால், கேட்கிறவர் ஜெயித்தவரா தோற்றவரா என்று முதலில் விசாரித்துக்கொண்டுதான் இன்றுவரை நான் பதில் சொல்லி வருகிறேன்.