பச்சை லாரியில் வந்த தாய்மாமன்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு முடிகிறது. இந்த நினைவு மலரை உங்கள் கையில் கொடுக்கும்போது அழக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார். எழுதும்போது அழலாமா என்று சொல்லவில்லை. ஆகவே அந்த வேலையை முன்னதாகவே முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மறைந்தவர் சாந்தமே உருவானவர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர் என்று எழுதுவதுதான் இத்தகைய மலர்களில் வழக்கம். எங்கள் அப்பாவைப் பற்றி அப்படி எழுதினால் நீங்களே சிரித்துவிடுவீர்கள். அவர் போனில் பேசினால் போனே வேண்டாம், எதிர்முனைக்கு நேராகவே கேட்கும் என்று அம்மா சொல்வார். அப்பாவின் வண்டிக்கு எப்போதும் நல்ல பிரேக் இருந்தது. நாக்குக்குத்தான் இல்லை.

குன்றக்குடி மலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில், மழையை நம்பிய விவசாயக் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார் அப்பா. தகப்பனாரை இளமையிலேயே இழந்ததால் படிப்பை விட்டுவிட்டு, காரைக்குடியில் ஒரு லாரி செட்டில் கிளீனராகச் சேர்ந்தார். பிறகு ஓட்டுநராகி வடநாடு முழுவதும் சுற்றினார். சொந்தமாக ஒரு லாரி வாங்கினார். மகளான என்னைப் பொறியியல் படிக்க வைக்க அதை விற்றார். விற்ற அன்று, "ஒழிஞ்சது சனியன், ஒரே ரிப்பேரு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

அப்பாவின் ஒரே தங்கை என் அத்தை. வெகுநாள் கழித்துப் பிறந்த கடைக்குட்டி என்பதால் அப்பா அவரை மகள் போலத்தான் வளர்த்தார். திருக்கோஷ்டியூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்தார். அத்தையின் கணவரான மாமா அதிகம் பேசாத மனிதர், ரோஷக்காரர்.

ஒரு கல்யாண வீட்டில் அப்பாவின் நாக்கு வேலையைக் காட்டிவிட்டது. மாமா அப்போதுதான் ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா, "மாப்பிள்ளை, காரு சோக்காத்தான் இருக்கு. தள்ளுறதுக்கு நாலு ஆளையும் சேத்தே வாங்கிட்டீகளா?" என்று கேட்டார். பந்தியே சிரித்தது. மாமா பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாளே அப்பா போய் சமாதானம் சொல்லியிருக்கலாம். "விளையாட்டுக்குச் சொன்னதுக்கு இம்புட்டுக் கோவமா?" என்று அவருக்கும் ஒரு வீம்பு. அப்புறம் கேட்க வேண்டுமா? நல்லது கெட்டதுக்குக் கூடப் போக்குவரத்து இல்லை. அத்தைக்கு வெகு ஆண்டுகள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. தங்கை பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே அப்பா இருந்தார். யாராவது அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசினால் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் வைப்பார். ஏற்கெனவே வைத்திருந்தாலும் வைப்பார்.

அந்தக் குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்த நாள் குறித்தார்கள். அத்தை வெற்றிலை பாக்கோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தனியாகத்தான் வந்திருந்தார்.

"மாப்பிள்ளை வரலையாத்தா?" என்று அப்பா கேட்டார்.

"அவுகதான் போயிச் சொல்லிட்டு வான்னாக அண்ணே. தாய்மாமன் மடி இல்லாம முடியுமா?"

அப்பா தலையை ஆட்டினாரே தவிர நம்பவில்லை. மாப்பிள்ளைக்கு மனசு இருந்தால் அவரே வந்திருப்பார், தங்கச்சி மூடி மறைக்கிறாள் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் சீர் சாமான்களை அன்றைக்கே வாங்க ஆரம்பித்துவிட்டார்.

இதே சமயத்தில்தான் அந்த லாரி வந்து சேர்ந்தது. நான் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, மறுபடி ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசை அப்பாவுக்குத் துளிர்த்திருந்தது. ராணுவம் கழித்த லாரிகளை அங்கே ஒரு டிப்போவில் ஏலம் விடுவதைக் கேள்விப்பட்டு வந்து ஒன்றை எடுத்தார். "சேத்துலயும் போகும், கண்மாய்க்குள்ளயும் இறங்கும், நம்ம சீமைக்குன்னே செஞ்ச வண்டி ஆத்தா" என்று வாயெல்லாம் பல்லாக நின்றார். குறித்த நாளுக்குள் வண்டியை வெளியே எடுக்காவிட்டால் ஏலம் செல்லாது. விசேஷத்துக்கு முன்னால் எடுத்துவிடலாம், ஊருக்கு வந்து குன்றக்குடியில் பூஜை போட்டு, அதே வண்டியில் சீர் கொண்டு போகலாம் என்பது அப்பாவின் கணக்கு. ஒரு கையெழுத்துத் தாமதமானது. வண்டி கைக்கு வந்தபோது விசேஷத்துக்கு முதல் நாள் ஆகிவிட்டது.

"வண்டி இங்கேயே எங்காவது நிக்கட்டும்ப்பா, பஸ்ஸுல போயிரலாம்" என்று சொன்னேன். கேட்டால்தானே! "நான் பாக்காத ரோடா?" என்றார். அம்மாவுக்குப் போன் போட்டு, சீரையும் சொந்தபந்தங்களையும் வேனில் கூட்டிக்கொண்டு நேரே அத்தை வீட்டுக்குப் போகச் சொன்னார். நாங்களும் நேரே அங்கே வந்துவிடுவதாக ஏற்பாடு.

"புது வண்டிக்குப் பூஜை போடாமலா?" என்று அம்மா பதறினார்.

"முருகன் கோவிச்சுக்க மாட்டான். மாப்பிள்ளைதான் கோவிச்சுக்குவாரு" என்று அப்பா போனை வைத்தார்.

அந்த வண்டியில் உட்கார்ந்து வந்ததைப் பற்றி நான் எழுதினால் மலர் போதாது. இரும்புப் பலகையில் ஒரு தோல் விரிப்பு, அதற்குப் பெயர் சீட்டாம். பழைய ராணுவப் பதிவெண்ணின் மேல் பெயிண்ட் அடித்து மறைத்து, தற்காலிகப் பதிவெண்ணைத் தாளில் எழுதி ஒட்டியிருந்தோம். மற்றபடி தலையிலிருந்து கால் வரை பச்சை. ஊருக்குப் போய்த்தான் நிறம் மாற்ற வேண்டும்.

கிருஷ்ணகிரி தாண்டி ஒரு சுங்கச்சாவடியில், அங்கிருந்த பையன் எங்களைப் பார்த்ததும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துத் தடுப்பைத் தூக்கிவிட்டான். நான் அமுக்கமாக இருந்தேன். அப்பா வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தார். "ராணுவத்துக்கு அடிச்ச சல்யூட்டு. அத நாம ஓசியில வாங்கிட்டுப் போகக்கூடாது" என்றார். பிறகு நாமக்கல் வரை அந்தப் பையன் சல்யூட் அடித்ததை நடித்துக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் தங்கிவிட்டு விடியலில் கிளம்பினோம். திருச்சி வரை ராஜநடைதான். அதற்குப் பிறகு வண்டி மூச்சுத் திணற ஆரம்பித்தது. வெகுநாள் சும்மா நின்ற வண்டியல்லவா, டேங்கில் இருந்த துருவெல்லாம் கிளம்பி டீசல் வரும் குழாயை அடைத்துக்கொண்டது. அப்பா இறங்குவார், குழாயைக் கழற்றி வாயால் ஊதுவார், மாட்டுவார். கொஞ்ச தூரம் ஓடும். மறுபடி நிற்கும். விசேஷத்துக்கென்று கட்டியிருந்த பட்டுக்கரை வேட்டி கறுத்துப் போனது. திருமயம் வரும்போது குறித்த நேரம் நெருங்கிவிட்டது.

அத்தை போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, எங்குட்டு இருக்கீக?"

"திருமயம் வந்துட்டேன்த்தா. வண்டி மக்கர் பண்ணுது."

"இங்க பெரியவுக நேரம் போகுதுன்னு சத்தம் போடுறாக அண்ணே."

அப்பா டீசல் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவுக சொல்றதும் சரிதான். நம்ம பெரியப்பா மகன் வந்திருப்பான்ல, அவன் மடியில பிள்ளைய உக்கார வச்சுக் காரியத்த முடி. எனக்காக நேரத்தத் தப்ப விடாதே" என்றார். அத்தை பதில் சொல்வதற்குள் போன் அணைந்துவிட்டது. என்னுடையதில் திருச்சியிலேயே சார்ஜ் தீர்ந்திருந்தது. அந்த லாரியில் சார்ஜ் போட ஏது வழி?

நான் கத்தினேன். பஸ்ஸில் வந்திருக்கலாம், வீம்பு, எல்லாவற்றிலும் வீம்பு என்று என்னென்னவோ சொன்னேன். எப்போதும் பதிலுக்குப் பத்து வார்த்தை பேசுகிறவர், "பிள்ளை மொகத்தையாச்சும் பாத்துட்டு வருவோம்த்தா" என்று மட்டும் சொன்னார். 

திருப்பத்தூர் தாண்டி அத்தை ஊர்க் கண்மாய்க்கரையில் ஏறும்போதே மேளச் சத்தம் கேட்டது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேக்குதா? எல்லையில நின்னு வாசிக்கிறாக. நமக்குத்தான்" என்றார். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். வளைவில் திரும்பினோம். அரசமரத்தடியில் மேளக்காரர்களும் ஒரு கூட்டமும் நின்றிருந்தார்கள். எங்கள் லாரி கண்ணில் பட்டதும் மேளம் பட்டென்று நின்றது. கூட்டம் விலகி இரண்டு ஓரத்துக்கும் போனது. வெடிச் சரத்தோடு நின்றவர் அதைத் துண்டால் மூடி முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

சீர் கொண்டு வருகிறவர் முகத்துக்கு நேரே மேளம் நின்றால் 'உன் சீர் வேண்டாம், திரும்பிப் போ' என்று அர்த்தம் என்பதை நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா வண்டியை நிறுத்தினார். "நிப்பாட்டிட்டாகத்தா" என்றார். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

சுங்கச்சாவடியில் விழுந்து விழுந்து சிரித்த மனிதருக்கு, அந்த நேரத்தில் தான் எந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே நினைவில்லை. எனக்கும் உறைக்கவில்லை. கோபம்தான் வந்தது. கீழே குதித்து, "எதுக்கு மேளத்த நிப்பாட்டினீக?" என்று நடுரோட்டில் நின்று கத்தினேன்.

நாதஸ்வரக்காரர் மிரண்டுபோனார். "மிலிட்டரி வண்டி வருதேன்னு வழி விட்டோம் தாயி. நாங்க தாய்மாமன் லாரிக்காகல்ல காத்துக்கிட்டு இருக்கோம்!"

"அந்தத் தாய்மாமன்தான் இவரு!"

அதற்குள் மரத்துக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையில் மாலையோடு ஓடி வந்தார். மாமா! பின்னுக்கு நகர்ந்துகொண்டிருந்த லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், வண்டிய நிப்பாட்டுங்க. எங்குட்டுப் போறீக?"

"நேரம் தப்பிப்போச்சே மாப்பிள்ளை. காது குத்தியாச்சுல்ல?"

"நீங்க வராம எம்மகளுக்கு எவன் காது குத்துறது? பெரியவுக சத்தம் போட்டாக. போட்டுட்டுப் போறாகன்னு ஆசாரியைப் பிடிச்சு உக்கார வச்சிருக்கேன். மதியத்துக்கு மேல இன்னொரு நல்ல நேரம் இருக்கு."

"அன்னைக்குப் பந்தியில நான்..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"மொதல்ல எறங்குங்க மச்சான். பிள்ள பசியில அழுகுது" என்று மாமா மாலையைப் போட்டார். நின்ற மேளம் அப்புறம் வீடு வரைக்கும் ஓயவில்லை.

அப்பாவின் கையிலிருந்த டீசலை அத்தையே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். கழுவ ஆன நேரத்தைவிட அழ ஆன நேரம் அதிகம். மொட்டைத் தலையும் சந்தனமுமாக இருந்த பிள்ளை, அதுவரை பார்த்தே இராத தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, ஆசாரி கிட்டே வருவதற்கு முன்பே ஊரைக் கூட்டியது. "கொரலு என்னைய மாதிரியே இருக்கு!" என்றார் அப்பா. அன்று அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

அதன் பிறகு அந்த லாரி எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் பொது வண்டியாகிவிட்டது. ஊர்த் திருவிழாவுக்குப் பந்தல் சாமான் ஏற்றியதும், கண்மாய் உடைந்த மழையில் மணல் மூட்டை சுமந்ததும் உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் பக்கத்து இருக்கையில் மாமா இருந்தார். அப்பா பேச, அவர் கேட்டுக்கொண்டு வருவார்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது மதுரை மருத்துவமனையில் உடனிருந்து பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த தம்பிகளுக்கும், அம்மாவைத் தனியாக விடாமல் முறைவைத்து வந்து துணையிருந்த எங்கள் தெருப் பெண்களுக்கும், இறுதிக் காரியங்களைத் தங்கள் வீட்டுக் காரியமாக எடுத்துச் செய்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மாமாவுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கடைசி நாட்களில் அவர் மருத்துவமனையை விட்டு நகரவே இல்லை. ஒரு நாள் அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "பேசாம இருந்த வருசமெல்லாம் வீணாப் போச்சே மச்சான்" என்று உடைந்து அழுதார்.

"பேசுன வருசம் இருந்துச்சுல்ல மாப்பிள்ளை" என்றார் அப்பா.

அந்த வருடங்களை எங்கள் அப்பாவுக்குக் கொடுத்ததற்காக, மாமா, உங்களை வணங்குகிறேன்.